மூன்றாவது ஆல்டர்னேட்டர் வாங்கும் முன்

வாசகர் கேள்வி:

அண்ணே, வணக்கம். 2012 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கமிருந்து கேரட், பூண்டு ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறக்குவதுதான் தொழில். பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். போன வருஷம் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போனது. பழையதைக் கொடுத்துவிட்டு, ரீபில்ட் செய்த, அதாவது பழுது பார்த்துப் புதுப்பித்த, ஒன்றை எக்ஸ்சேஞ்சில் வாங்கி மாட்டினேன். நாலு மாதத்தில் சார்ஜ் ஏறவில்லை. அதே கடையில் வேறொன்று கொடுத்தார்கள். அது மூன்று மாதம்தான் வந்தது. நடுவில் பேட்டரியும் புதிதாகப் போட்டுவிட்டேன். இப்போது ஹெட்லைட் போட்டு ஏற்றத்தில் போனால் டேஷ்போர்டில் பேட்டரி லைட் மங்கலாக எரிகிறது. கடைக்காரர், உங்கள் வண்டி வயரிங்கில்தான் கோளாறு என்கிறார். மெக்கானிக், ரீபில்ட் சரக்கே இப்படித்தான், கம்பெனி புதுசு போடு என்கிறார். மச்சான், சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிக் கடைகளில், வேறு வண்டியில் கழற்றிய ஒரிஜினல் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? ஒன்று விட்டுப்போச்சு. இன்ஜின் ஆயில் கொஞ்சம் குறைகிறது. பிரேக் பெடலும் முன்பு மாதிரி இல்லாமல் இறுக்கமாக இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்:

தம்பி, அந்தக் கடைசி வரிகளை எழுதாமல் விட்டிருந்தால் நானும் பெல்ட், பேட்டரி, வயர் என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். ஆயில் குறைவது, பிரேக் இறுகுவது, ஆல்டர்னேட்டர் போவது மூன்றும் உங்கள் வண்டியில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் சார்ஜ் விஷயத்தைப் பிறகு பேசுவோம். முதலில் பிரேக்.

பொலேரோ, சுமோ, இண்டிகா என்று நம் ஊரில் ஓடும் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தில், காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது கிடைக்கும் வேக்குவமே, பெடலை லேசாக அழுத்த உதவும் பிரேக் பூஸ்டருக்குப் போதும். டீசலில் அது போதாது, தனி பம்ப் வேண்டும். ஆல்டர்னேட்டர் எந்த ஷாஃப்ட்டில் சுற்றுகிறதோ அதே ஷாஃப்ட்டில்தான் பம்பும் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் தகடுகள் தேயாமல் ஓட, இன்ஜினிலிருந்து சின்ன ஹோஸ் ஒன்றில் ஆயில் வருகிறது. வேலை முடிந்த ஆயில் சற்றுப் பெரிய ஹோஸ் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குத் திரும்புகிறது. இந்த ஆயிலுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே இருப்பது ஆயில் கசியாமல் தடுக்கும் ஓர் ஆயில் சீல் மட்டும்தான்.

அந்தச் சீல் விட்டால் ஆயில் நேராக, உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், அது உரசி நிற்கும் ஸ்லிப் ரிங் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். பிரஷ் தேய்ந்து உதிரும் கரித்தூளோடு கலந்து கறுப்புப் பசையாகும். பிரஷ் அதன் கூட்டிலேயே ஒட்டி நிற்கும், ரிங்கில் சரியாகப் பதியாது. சுற்றும் பாகமான ரோட்டாருக்குப் போகிற கரண்ட் விட்டுவிட்டுப் போகும். ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு பிளேட்டிலும் அந்தப் பசை படிந்தால் சூடு வெளியேறாமல் டயோடுகள் ஒவ்வொன்றாகச் சாகும். இப்படி ஆன ஆல்டர்னேட்டரை எத்தனை முறை மாற்றினாலும், ஆயில் வருகிற வழியை அடைக்காதவரை அடுத்ததும் போகத்தான் செய்யும்.

உங்கள் வண்டியில் பம்ப் அங்கேதான் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் வயர் மட்டும் வந்தால் பம்ப் வேறிடத்தில் இருக்கிறது. தடித்த வேக்குவம் ஹோஸும் இரண்டு ஆயில் ஹோஸும் வந்தால் நான் சொல்வது உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

இன்றைக்கே, சரக்கு ஏற்றுவதற்கு முன், சமதளத்தில் வைத்து இதைச் செய்யுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக் பெடலை ஐந்தாறு முறை நன்றாக அழுத்துங்கள். பெடல் இறுகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது என்றால் பெடல் உங்கள் கால் அடியில் லேசாகக் கீழே இறங்கும். இறங்கவே இல்லை, அல்லது வெகு நேரம் கழித்து இறங்குகிறது என்றால் வேக்குவம் போதவில்லை. அப்போது பூஸ்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு அதன் வாயில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். விரலைப் பிடித்து இழுக்க வேண்டும். நன்றாக இழுத்தும் பெடல் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு பூஸ்டரிலோ, அதிலுள்ள வேக்குவம் நழுவாமல் தடுக்கும் செக் வால்விலோ இருக்கிறது. இழுப்பே இல்லை என்றால் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஹோஸ் நன்றாக இருந்தால் பம்ப்தான்.

இந்தச் சோதனையில் தேறாத வண்டியில் பழனி மலைச்சாலையில் லோடோடு இறங்க வேண்டாம். வேக்குவம் இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும், ஆனால் காலால் பல மடங்கு பலம் கொடுத்து அழுத்த வேண்டும். வளைவுக்கு வளைவு அப்படி அழுத்திக்கொண்டே ஒரு டன்னுக்கு மேல் காய்கறியோடு இறங்குவது உங்கள் உயிருக்கும் எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து. இன்னொன்றையும் சேர்த்தே சொல்கிறேன். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வருகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று அழுத்தலோடு தீர்ந்துவிடும். ஆல்டர்னேட்டரையும் பம்பையும் சுற்றும் பெல்ட் அறுந்தாலும் இதே கதைதான். ஓடும்போது பேட்டரி லைட் திடீரென்று பளிச்சென்று எரிந்தால் அதை வெறும் சார்ஜ் பிரச்சினை என்று எண்ணாதீர்கள். கியரைக் குறைத்து, வண்டியை ஓரம் கட்டி, பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பம்ப் சீல்தான் காரணமா என்று எப்படி உறுதி செய்வது? ஆல்டர்னேட்டரைக் கழற்றி உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை மாற்றியும் யாரும் செத்ததைப் பிரித்து ஏன் செத்தது என்று பார்க்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். பிரித்ததும் பின்பக்கம் முழுக்க ஆயில் ஈரம், பிரஷ் கூட்டில் கறுப்புப் பசை என்றால் பம்ப் பக்கத்திலிருந்து வந்த ஆயில். வெளிப்பக்கம் மட்டும் நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் மேலே வால்வு கவர் பேக்கிங்கிலோ வேறெங்கோ ஒழுகி மேலே விழுகிறது. ஈரமே இல்லை, ஆனால் ரோட்டாரைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயில் கருகி வார்னிஷ் நாற்றம் அடிக்கிறது என்றால் அது லோடு தாங்காமல் வெந்தது, அல்லது டயோடு ஷார்ட் ஆனது. பிரஷ் அடியோடு தேய்ந்து ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தால், ரீபில்ட் என்ற பெயரில் கழுவிப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாலில் எது என்று தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வது சரியா, மெக்கானிக் சொல்வது சரியா என்ற சண்டையே வேண்டாம்.

ஆயில்தான் என்றால் சீலை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். சீல் ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். வயதாகிப் போயிருக்கலாம். ஆயில் திரும்பிப் போகும் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்தோ, எங்காவது மடங்கியோ இருக்கலாம். திரும்ப வழியில்லாத ஆயில் சீலைத்தான் தள்ளும். மூன்றாவது காரணம் இன்ஜின். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த புகை கீழே சம்புக்குள் இறங்கி அழுத்தம் உண்டாக்கும், அது அந்தத் திரும்பும் ஹோஸ் வழியாகவே பம்புக்கு வரும். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பயமில்லை. புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் முதலில் அந்தப் புகையை வெளியேற்றும் பிரீதர் ஹோஸ் அடைப்பைப் பாருங்கள், அது செலவில்லாத வேலை. அடைப்பு இல்லாமலும் புகை வந்தால் ரிங் வேலை காத்திருக்கிறது, புது ஆல்டர்னேட்டர் அதைத் தீர்க்காது. ஆயில் ஹோஸ் இரண்டையும் கிளிப்போடு புதிதாகப் போடுங்கள், பம்பையும் முழுசாக மாற்றிவிடுங்கள். தகடு மட்டும் மாற்றுகிறேன் என்பவர்கள் உண்டு. மலையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். புது பம்ப் மாட்டும்போது ஆயில் வரும் துளையில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். உலர்ந்த பம்ப் முதல் நிமிடத்திலேயே தேயும்.

இனி வயரிங். கடைக்காரர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் உங்கள் பேட்டரி லைட் மங்கலாக எரிகிறது. அந்த பல்புக்கு ஒரு பக்கம் சாவியிலிருந்தும் மறுபக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்தும் கரண்ட் வருகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் எரியாது. ஆல்டர்னேட்டர் முழுதாகச் செத்தால் பளிச்சென்று எரியும். மங்கலாக எரிந்தால் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது என்று அர்த்தம். டயோடு ஒன்று போயிருக்கலாம், பிரஷ் சரியாகத் தொடாமல் இருக்கலாம், வயரில் எங்காவது கரண்ட் தடைபடலாம். ஹெட்லைட் போட்டால்தான் தெரிகிறது என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், நீங்களே பார்த்துவிடலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி இரண்டு முனையிலும் வையுங்கள். 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தால் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே இறங்காமல் நின்றால் நல்லது. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, புது பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். அப்புறம், லைட்டெல்லாம் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் போல்ட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ, அதன் முனையிலோ, நடுவில் இருக்கும் பியூஸிலோ தடை. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-க்கு மேல் போகக் கூடாது. போனால் பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. கழற்றித் தேய்த்து மாட்டினாலே சரியாகிவிடும். கடைசியாக மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரி முனையில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்கிறது. பெல்ட், ஃபேன் பக்கத்தில் கை வைத்து வேலை செய்யும்போது தோளில் துண்டு இருக்கக் கூடாது.

ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டர் நல்லது என்று பார்க்கும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. யாரையும் உங்கள் வண்டியில் இதைச் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய அந்த நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும், நன்றாக இருந்த டயோடும் ரெகுலேட்டரும் அதிலேயே போகும். எலக்ட்ரானிக் யூனிட் இருக்கும் வண்டி என்றால் நஷ்டம் இன்னும் பெரிது.

லோடு பக்கமும் ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டு எரிந்தால் சுமார் 8 ஆம்பியர். மலையில் பனிக்காக அதே அளவு ஃபாக் லாம்ப் இரண்டு சேர்த்தால் இன்னொரு 8. அதுவும் போதாது என்று 90, 100 வாட் பல்பு போட்டிருந்தால் பழைய வயர், ஸ்விட்ச் எல்லாம் சூடாகும், ஆல்டர்னேட்டரும் திணறும். ஆல்டர்னேட்டர் மேல் ஒட்டியிருக்கும் பெயர்த் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் முழு வேகத்துக்கானது. ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம். எக்ஸ்சேஞ்சில் வந்தது உங்கள் பழைய ஆல்டர்னேட்டரைவிடக் குறைந்த ஆம்பியர் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள், மாட்டும் துளை ஒன்றாக இருந்தால் எதையாவது கொடுத்துவிடுவார்கள்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டு பளபளவென்று இருந்தாலோ ஆயில் பட்டிருந்தாலோ மாற்றுங்கள். வி பெல்ட் என்றால் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். கத்துகிறது என்று இழுத்து இறுக்கினால் பேரிங் போய்விடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மச்சான் நல்ல மனதோடுதான் சொல்கிறார். புதுப்பேட்டையில் கதவு, பம்பர், கண்ணாடி என்றால் நானே போய் வாங்கச் சொல்வேன். ஆனால் ஆல்டர்னேட்டரோடு வருகிற பம்ப் எவ்வளவு ஓடியது, ஏன் கழற்றினார்கள் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதை நம்பி மலையில் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு அது வேண்டாம்.

ரீபில்ட் சரக்கே மோசம் என்று உங்கள் மெக்கானிக் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒழுங்காகச் செய்த ரீபில்ட் வருஷக்கணக்கில் ஓடும். பெட்டியில் போட்டு வருகிற, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று தெரியாத எக்ஸ்சேஞ்ச் சரக்கில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது கையில் இருப்பதை, ஆல்டர்னேட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோங்கள். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ, ஆல்டர்னேட்டரை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவராகப் பாருங்கள். பேரிங் இரண்டு, பிரஷ், ரெகுலேட்டர், ஆயில் சீல், வேக்குவம் பம்ப் இவை புதிதாக இருக்க வேண்டும். டயோடு பிளேட்டை மீட்டரில் பார்த்து, சந்தேகம் இருந்தால் மாற்ற வேண்டும். ஸ்லிப் ரிங்கை லேத்தில் மழிக்கவோ மாற்றவோ வேண்டும், எமரி பேப்பரால் தேய்த்துக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உதிரிகளை உங்கள் எதிரிலேயே பெட்டி பிரித்துப் போடச் சொல்லுங்கள். லூகாஸ் டிவிஎஸ் 1961 முதல் நம் நாட்டில் இருக்கிற கம்பெனி, சென்னை பாடியில் தொழிற்சாலை. அதுபோன்ற பெரிய கம்பெனிகளின் உதிரி ஊர்தோறும் கிடைக்கும்போது பெயரில்லாத ரெகுலேட்டரை வாங்க அவசியமில்லை. முடிந்த பிறகு பெஞ்சில் ஓட்டி, லோடு கொடுத்து எத்தனை ஆம்பியர் வருகிறது என்று காட்டச் சொல்லி, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஸ்டேட்டர் கருகியிருந்தாலோ, பேரிங் உட்காரும் குழி தேய்ந்து பேரிங் உள்ளே சுற்றியிருந்தாலோ ரீபில்ட் வேண்டாம், புதியதே வாங்குங்கள். எஸ்டிமேட் புதியதன் விலையில் பாதியைத் தாண்டினாலும் அப்படித்தான். புதியதில் பம்ப் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சில சமயம் பம்ப் இல்லாமல் விலை சொல்லி, உங்கள் பழைய பம்பையே மாட்டிவிடுவார்கள். அப்படி நடந்தால் பிரச்சினை அப்படியே திரும்பி வரும்.

எதை மாட்டினாலும், அதற்கு முன் பேட்டரியைக் கழற்றி சார்ஜ் கடையில் ஓர் இரவு போட்டு நிறைத்துவிடுங்கள். இறங்கிப்போன பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலையில்லை. காலி பேட்டரியோடு மாட்டி அப்படியே மலையேறினால் புது ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழு கரண்ட் கொடுத்து முதல் நாளே வேகும். உங்கள் இரண்டாவது ஆல்டர்னேட்டர் மூன்றே மாதத்தில் போனதில் இதற்கும் பங்கு இருக்கலாம். கழற்றும்போதும் மாட்டும்போதும் பேட்டரி மைனஸை முதலில் எடுத்துவிட வேண்டும், ஆல்டர்னேட்டரின் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.

பழைய கடை விஷயம். பில்லும் வாரண்டியும் கையில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பிரித்துப் பார்க்கும்போது போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பழைய சீலோடு கொடுத்தது தெரிந்தால் அவர்கள் பொறுப்பு. இன்ஜின் அழுத்தமோ அடைத்த ஹோஸோ காரணம் என்றால் அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. பேச்சு முடியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் உங்களுக்கு உரிமை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மாட்டி முதல் வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் ஆறிய நேரத்தில், ஆல்டர்னேட்டரின் பின்பக்க அடியில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஆயில் ஒட்டினால் மறுநாள் வரைகூடத் தள்ளிப்போடாமல் செய்தவரிடமே கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆயில் ஸ்டிக் அளவையும் அன்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி மண்ணைக் கழுவ வாட்டர் சர்வீஸ் விடும்போது ஆல்டர்னேட்டர் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிவிடச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்ததும், அந்த நாலில் உங்கள் வண்டியில் கண்டது எது என்று மீட்டர் அளவுகளோடு எழுதி அனுப்புங்கள், தம்பி. மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.